ஆலை மீசை

பாகூர் ஏரிக்கரைப் பிள்ளைகள் என் சித்தப்பாவின் பாட்டுகளைப் பாடாமல் போனதற்குக் காரணம் நான். பாட்டு பிடிக்காமல் அவர்கள் பாடாமல் இருக்கவில்லை. பாடக் கூடாது என்று நான் சொன்னேன், அதனால் பாடவில்லை.

சித்தப்பா பிற்காலத்தில் குழந்தைகளுக்காக எழுதியதை எல்லாம் அடுக்கினால் ஓர் அலமாரி போதாது. பாட்டு, கதை, விடுகதை, பள்ளியில் நடிக்கச் சின்னச் சின்ன நாடகம் என்று சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் நினைவாக நடக்கும் கூட்டங்களில் பேசுகிறவர்கள் ஒரு கதையைத் தவறாமல் சொல்வார்கள். அவருடைய முதல் பாட்டுகளைப் பிள்ளைகள் ஏற்கவில்லையாம். மனம் நொந்து அவற்றை நெருப்பில் போட்டாராம். அந்தத் தோல்விதான் அவரைக் கவிஞராக்கியதாம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருமுறை மேடையேறி நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பெரியவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து எனக்கு ஒரு சால்வையும் போர்த்திவிட்டார்கள். எழுதினாலாவது நம்புவார்களா என்று பார்க்கிறேன்.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எங்கள் குடும்பம் செலியமேட்டில் நெல்லும் கரும்பும் பயிரிட்டது. என் தகப்பனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பியான சித்தப்பா, புதுச்சேரியில் படித்துவிட்டு வந்து பாகூர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். அந்தப் பள்ளியில்தான் நானும் படித்தேன். எங்களுக்குப் பிரெஞ்சுப் பாட்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அவற்றில் ஒன்று பனி விழுந்து வெள்ளையாகிப் போன கிராமத்தைப் பற்றியது. சித்திரை வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதை நாங்கள் உரக்கப் பாடுவோம். வேறு வகுப்பிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு, நம் ஏரியைப் பற்றி ஒரு பாட்டு இல்லையே என்று தோன்றியிருக்கிறது. எழுத ஆரம்பித்தார்.

அவர் வேலை செய்த விதம் விசித்திரமானது. பாட்டை வகுப்பில் இரண்டு தடவை வாசித்துக் காட்டுவார், அவ்வளவுதான். எழுதிக்கொள்ளச் சொல்ல மாட்டார், மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டார். பிறகு சாயங்காலத்தில் குடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பார். பறவை பார்க்கிற மாதிரி இருக்கும். உண்மையில் காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தார். மாடு மேய்க்கிற பிள்ளையோ, குளிக்கிற பிள்ளையோ யாரும் கேட்காமல் தானாக ஒரு பாட்டைப் பாடி, சில வாரம் கழித்தும் பாடிக்கொண்டிருந்தால் அது தேறிவிட்டது. பாடும்போது பிள்ளைகள் ஒரு வரியை மாற்றினால், அவர்கள் மாற்றியபடியே திருத்திக்கொள்வார். யாரும் பாடாத பாட்டையும், பாடி மறந்துவிட்ட பாட்டையும் கிழித்துவிடுவார்.

அப்படித் தேறிய பாட்டுகளைத் தைப் பொங்கலுக்குள் கொண்டு வந்தால் புத்தகமாகப் போடுவதாகப் புதுச்சேரியில் ஓர் அச்சுக்கூடக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு அதுதான் முதல் புத்தகம். அந்த மழைக்காலம் முழுவதும் தரையில் கால் பாவாமல்தான் நடந்தார்.

வீட்டில் அவருடைய பாட்டுகளை முதலில் கேட்பவன் நான். வகுப்பில் முதல் மாணவனும் நான்தான். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் நல்ல தமிழில் ஒரு வரி திருத்திக் கொடுப்பேன். சித்தப்பா வாங்கிப் படித்துப் பார்த்து, சிரித்து, என் தலையைத் தடவிவிட்டுத் தன் வரியையே வைத்துக்கொள்வார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அஞ்சலை விஷயத்தில்.

அஞ்சலையின் தகப்பனார் ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர். அவள் பள்ளிக்கு வந்தால் வருவாள், இல்லாவிட்டால் இல்லை. வந்தாலும் இடுப்பில் தம்பியோடுதான் வருவாள். ஏரியில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் குருவியைப் பற்றிச் சித்தப்பா ஒரு பாட்டு எழுதியிருந்தார். அதில் கடைசி வரி ‘மீனைத் தேடறான்’ என்று இருந்தது. அஞ்சலை மறுநாளே அதை இப்படிப் பாடிக்கொண்டு போனாள்:

ஏரியிலே முக்குளிப்பான்
எங்கே போயிட்டான்?
தண்ணிக்குள்ளே தலைகீழா
மீனை எண்ணறான்!

சித்தப்பா அவளைக் கூப்பிட்டு ஏன் மாற்றினாய் என்று கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நானும் பக்கத்தில் நின்றேன்.

“தேடுனா கெடச்சதும் வுட்டுடும் இல்லீங்களா அய்யா? இது போயிப் போயி வருதே. எண்ணிக்கினு இருக்கசொல்ல தப்பிப் போவுது, அதான் மறுபடி முங்குது.”

சித்தப்பா அங்கேயே நின்று, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வரியை அடித்து மாற்றினார். குருவி எண்ணாது, தின்னும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அது அவர் காதில் விழவே இல்லை.

மார்கழியில் எங்கள் களத்தில் கரும்பாலை ஆடத் தொடங்கியது. மாடுகள் சுற்றிச் சுற்றி வந்து செக்கை இழுக்கும். சாறு பெரிய கொப்பரையில் கொதித்துப் பாகாகும். ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியுடன் வரிசையில் நிற்பார்கள். பாகு இறுகுமுன் மேலே பொங்குகிற நுரையோடு ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஆண்டு கரண்டியைத் தகப்பனார் என் கையில் கொடுத்திருந்தார். அந்த அதிகாரத்தை நான் முதல் நாளே பயன்படுத்தினேன். பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், சித்தப்பா பாட்டைப் பாடுகிறவனுக்குப் பாகு கிடையாது என்று அறிவித்தேன்.

“வாய்க்குள்ளேயே முணுமுணுத்தா?” என்று ஒருவன் கேட்டான்.

அதுவும் கூடாது என்றேன். இன்னொருவன் தூக்கத்தில் பாடினால் என்ன செய்வது என்று கவலைப்பட்டான். அவனையும் எச்சரித்து அனுப்பினேன்.

ஏரிக்கரை அடங்கிப் போயிற்று. சித்தப்பா குடையுடன் போவார், வருவார். பிள்ளைகள் அவரைக் கண்டால் வணக்கம் சொல்வார்கள், அவர் கடந்து போனதும் பனி விழும் கிராமத்துப் பாட்டைப் பாடுவார்கள். அதற்கு நான் தடை போடவில்லை. அந்த நாட்களில் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். என் தாயார் உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை அண்ணி, வெயில் என்றார். மார்கழியில் ஏது வெயில்?

ஒருத்தி மட்டும் பாடினாள். பொங்கலுக்குச் சில நாள் முன்பு நான் மதகுப் பக்கம் போனபோது, கீழே படியில் உட்கார்ந்து அஞ்சலை தன் தம்பிக்கு அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நிறுத்தவில்லை, கடைசி வரிவரை பாடி முடித்தாள்.

அன்று மாலை வரிசையில் அவளும் நின்றாள். எனக்கு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஊற்றும் பழக்கம் இல்லை. குனிந்தபடி நீட்டுகிற கொட்டாங்குச்சியைப் பார்த்து ஊற்றிக்கொண்டே போவேன். அவளுடையது ஓரம் உடைந்தது, எனக்குத் தெரியும். அதைத் தாண்டி அடுத்ததற்குக் கரண்டியைக் கொண்டுபோனேன். அவள் வெறும் கொட்டாங்குச்சியை நிறைந்ததைப் போலவே இரண்டு கையாலும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, தம்பி பின்னால் வர நடந்து போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் சித்தப்பா களத்துக்கு வந்தார். கையில் தாள்கள். கொப்பரை அடுப்பின் எதிரில் குந்தி உட்கார்ந்து, கரும்புச் சக்கை எரிவதையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“யாராவது பாடிக் கேட்டியாடா?”

“இல்ல சித்தப்பா.”

“ஒருத்தருமா?”

“ஒருத்தரும் இல்ல.”

அவர் தலையசைத்தார். சக்கையைத் தள்ளிவிடுகிறவர் விலகிக் கொடுக்க, தாள்களை அடுப்புக்குள் தள்ளினார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பாகு வெல்லமாகி ஊரெல்லாம் பொங்கல் பொங்கியது.

ஆனி பிறந்ததும் அவர் காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கே பல ஆண்டுகள் ஒரு வரியும் எழுதவில்லை. கலியாணமாகி, தன் குழந்தை எதையோ முணுமுணுத்துக்கொண்டு திரிவதைக் கேட்ட பிறகுதான் மறுபடி பேனாவைத் தொட்டாராம். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்கே வந்து குடியிருந்தார். புத்தகம் வந்தால் எனக்கு முதல் பிரதி வரும். நான் சட்டம் படித்து, கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து, பிறருடைய பொய்களைப் பிரித்துப் பார்க்கும் தொழிலில் தலை நரைத்தேன்.

எனக்கு அறுபது வயது வந்தபிறகுதான் துணிச்சல் வந்தது. எரிந்துபோன பாட்டுகள் எல்லாம் என் நினைவில் இருந்தன. யாரும் பாடக் கூடாது என்று தடுத்தவன் அவற்றை மனத்துக்குள் பாடாத நாளே கிடையாது. அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னேன்.

சித்தப்பா கோபப்படவில்லை. பாகுக்காகப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டதைக் கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். “கரும்புப் பாகுக்குத் தோத்த பாட்டு தோத்ததாவே இருக்கட்டும்பா” என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்து, மதகடியில் அஞ்சலை பாடியதையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

“பாடுனாளா?”

“ஆமா.”

“நான் கேட்டப்ப உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

“எனக்கு ஒருத்தி போதுமேடா” என்றார்.

நான் எழுதிக் கொண்டுபோன தாள்களை அவர் தொடவில்லை. நான் கிளம்பும்போது, அவள் உயிரோடு இருந்தால் போய்ப் பார், அந்தப் பாட்டு நினைவிருக்கிறதா என்று கேள் என்றார்.

அஞ்சலை கிருமாம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தாள். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொல்லி, வந்த காரியத்தைச் சொன்னேன்.

“பாட்டா? நானா? எனக்கு இன்னா பாட்டு தெரியும்?” என்றாள். முக்குளிப்பான் பாட்டை நானே சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்குப் பாகு ஊத்தாம தாண்டிப் போன, அது தெரியும்” என்றாள். கையால் முறத்தில் தோலையும் பருப்பையும் பிரித்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கி ஊருல மீசை இல்லாம நின்னவன் எந் தம்பி ஒருத்தன்தான்.”

எனக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. கொண்டுபோன வெல்லத்தைக் கொடுத்தேன். “அன்னிக்கிக் குடுக்காததுக்கு இன்னிக்கா? எனக்குச் சக்கரை நோவுப்பா” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பிவரும் பஸ்ஸில், அவள் பாட்டை முழுக்கப் பாடிக் காட்டினாள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தேன். கிழவருக்குச் சந்தோஷமாக இருக்கும். அவர் வீடு போய்ச் சேரும்வரை அந்த எண்ணம் இருந்தது. ஆனால் இந்த முறை அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், மீசை உள்பட.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னா மீசை?” என்றார்.

தெரியவில்லை என்றேன்.

“நீதானடா கரண்டி புடிச்சவன்” என்றார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டார். “போய்க் கேட்டுகிட்டு வா.”

மறுநாள் மறுபடி கிருமாம்பாக்கத்துக்குப் போனேன். அஞ்சலை சிரித்துவிட்டாள். கொட்டாங்குச்சியைத் தூக்கிக் குடிக்கும்போது நுரை மேலுதட்டில் ஒட்டிக் காயுமாம். அதற்கு ஆலை மீசை என்று பேராம். யாரும் துடைக்க மாட்டார்களாம். அந்த மீசையோடு தெருவைச் சுற்றி வந்தால்தான் பாகு குடித்தவன் என்று ஊருக்குத் தெரியுமாம்.

சித்தப்பாவின் கடைசிப் புத்தகத்தில் முதல் பாட்டு அதுதான். ஊரே மீசை வைத்திருக்க, மீசை இல்லாத ஒரு பையன் அதில் வருகிறான். அவனுடைய அக்காள் அவன் மேலுதட்டில் ஏரிச் சேற்றால் மீசை வரைந்துவிடுகிறாள். புத்தகம் அச்சாகி வருமுன் சித்தப்பா போய்விட்டார். ஒரு பிரதியை நான்தான் அஞ்சலையிடம் கொண்டுபோய், அந்தப் பாட்டைப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், இன்னொரு வாட்டி படி என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாகு ஊற்றியவன் நான். அவர்கள் மீசையோடு என் எதிரிலேயே நின்று குடித்திருக்கிறார்கள். என் கண் கொட்டாங்குச்சியை விட்டு மேலே போகவில்லை. சித்தப்பா ஏன் என் வரியை எடுத்துக்கொள்ளாமல் அவள் வரியை எடுத்துக்கொண்டார் என்று அழுது ஆத்திரப்பட்ட பையனுக்கு, அதற்கான பதில் ஒரு கரண்டி தூரத்தில்தான் நின்றது.