கிழட்டுப் பெட்டிக்கு நாலு டெரா

பெயர் தைக்கும் அக்கா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். நர்ஸ் கோட்டோ, லிஃப்ட் மெக்கானிக் சட்டையோ, எதில் பெயர் வேண்டுமென்றாலும் அவளுடைய மாடி அறையில் இருக்கும் எம்பிராய்டரி மெஷின் தைத்துக் கொடுத்துவிடும். அந்த மெஷினுக்கு உத்தரவு போடுவது பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். மெஷினின் அகலமான கேபிளைச் செருக இடமுள்ள கம்ப்யூட்டர் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் அதை மாமியாரைப் போல நடத்தினாள். மனசுக்குள் ஆயிரம் திட்டினாலும் மரியாதையில் குறை வைக்கமாட்டாள்.

ஆறு வருஷம் முன்புவரை ஒரு யூனிஃபார்ம் கம்பெனியில் தைத்தவள் அவள். பாத்ரூம் போகக்கூட டோக்கன் கேட்கிற இடம் அது. ஒருநாள் சூப்பர்வைசர் டோக்கன் தர மறுக்க, "இனிமே இந்த வாசப்படியை மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க" என்று கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் கடகடவென்று இருமிவிட்டு உயிரை விட்டது. டிசைன்கள் எல்லாம் பென் டிரைவில் பத்திரம். ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் மெஷின் வெறும் இரும்பு. இருநூறு நர்ஸ் கோட்டுகள் மூட்டையில் காத்திருந்தன. கணவனுக்கு வேலை போய் நாலு மாசம். விஷயம் எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ, செவ்வாய்க்கிழமை காலையிலேயே சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார்.

"மெஷின் படுத்துடுச்சாமே? உன் பழைய சீட் காலியாத்தான் இருக்கு. மூணு மணிக்குக் கூப்பிடுறேன், முடிவைச் சொல்லு."

அவள் கொழுந்தன் எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்ப்பவன். அவன்தான் புது டிஸ்க் வாங்கி வந்தான்.

"நாலு டெரா, அண்ணி! நாலாயிரம் ஜி.பி.! உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிறையாது."

"இருக்கிற டிசைன் எல்லாம் சேர்ந்தா அதுல ஒரு மூலைக்குக் காணாதே, தம்பி."

"பெருசா இருந்தா நல்லதுதானே?"

டிஸ்க்கை மாட்டி, கம்ப்யூட்டரை எழுப்பும் ஓ.எஸ்.ஸைப் போட உட்கார்ந்தாள். டிஸ்க்கைப் பங்கு பிரிக்கச் சொன்னது திரை. சோறு போடுவது டிசைன்தானே என்று முன்பக்கம் முழுவதையும் அதற்கு ஒதுக்கினாள். ஓ.எஸ். கடைசியில் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும் என்று விட்டாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அணைத்துப் போட்டால் கறுப்புத் திரை. ஓ.எஸ். எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் அதே வரி. மணி ஒன்றரை. அந்த வாசப்படி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

"பெட்டியே போச்சு அண்ணி, தூக்கிப் போட்டுடலாம்" என்றான் கொழுந்தன். தப்பு நம்முடையதாக இருக்கக்கூடும் என்ற யோசனை அவன் பக்கமே வராது.

அவள் பெட்டியை இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இந்தமுறை முதலில் வந்து ஓடி மறையும் எழுத்துக்களையும் விடாமல் படித்தாள். டிஸ்க்கின் அளவு இரண்டு டெரா என்றிருந்தது. அட்டைப்பெட்டியில் நாலு.

"தம்பி, இந்தப் பெட்டி கண் முழிக்கும்போது அதுக்குப் பாதிதான் தெரியுது. நாம ஓ.எஸ்.ஸைக் கடைசியில கொண்டுபோய் வெச்சிருக்கோம்."

"அதனால?"

"துணி எவ்வளவு பெருசா இருந்தா என்ன, அதை மாட்டுற பிரேமுக்கு வெளியே ஊசி போகுமா?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முன்பக்கத்தில் சின்னதாக ஒரு பங்கு பிரித்து ஓ.எஸ்.ஸை அங்கே குடிவைத்தாள். மிச்சமெல்லாம் டிசைனுக்கு. கடைசியில் அணைத்துப் போட்டபோது திரையைப் பார்க்கத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, வந்துடுச்சு!"

அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தபோது முதல் கோட்டில் பெயர் பாதி ஏறியிருந்தது. "என்ன முடிவு பண்ணின?" என்றார் சூப்பர்வைசர். அவள் போனை மெஷின் பக்கம் நீட்டினாள்.

"என்னம்மா சத்தம் அங்க? ஒண்ணுமே கேக்கல."

"எனக்கு நல்லா கேக்குது சார். வெச்சிடுறேன், பாத்ரூம் போகணும்."

காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாள், அதுவும் நிஜம்தான்.