மாச்சாக்குப் பாய்

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே நான் சனம் ஏற்றும் மோட்டார் லாஞ்சு ஓட்டிய காலத்தில், அக்காவின் புருஷன் அதே தண்ணீரில் பாய்வள்ளத்தில் விறகு ஏற்றிப் போவார். நான் திருகோணமலை டவுனிலிருந்து கடைசிச் சவாரி திரும்பும் நேரமும், அவர் மூதூரில் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பும் நேரமும் ஒன்று. இருட்டில் எதிரும் புதிருமாக வருவோம். அத்தானுக்கு அதில் ஒரு கவலையும் கிடையாது.

"பாய்மரத்து உச்சியில லாம்பு கட்டியிருக்கிறன். உனக்குக் கண் தெரியாட்டி நான் என்ன செய்யிறது?" என்பார்.

லாம்பு தெரியும். அதுதான் கரைச்சலே. அந்தக் குடாவில் இரவில் ஒற்றை விளக்கைக் கண்டால், நங்கூரம் போட்டுத் தூண்டில் போடுகிறவர்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொள்வோம். நிற்கிற வள்ளம்தானே என்று கொஞ்சம் விலத்திப் போய்விடுவோம். ஒருநாள் நானும் அப்படித்தான் விலத்தினேன். விளக்கு நான் விலத்திய பக்கமே வந்தது. லாஞ்சிலிருந்த சனம் குழறிக் கத்தியபிறகுதான் சுக்கானை வெட்டினேன். அத்தானின் விறகு என் லாஞ்சின் பக்கத்தை உரசிக்கொண்டு போனது.

அன்றிரவே அக்காவிடம் போய்க் கத்தினேன். "வள்ளம் ஓடுது எண்டு லாம்பு சொல்லாதக்கா. பாயெல்லோ தெரியவேணும்!"

அத்தானின் பாயோ மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்துக் கறுத்துப்போனது.  மறுநாள் அக்கா கோதுமைமா வந்த வெள்ளைச் சாக்குகளைப் பிரித்துக் கழுவி, பாயின் கீழ்ப்பக்கத்தில் பெரிய துண்டாக வைத்துத் தைத்தாள். உச்சியிலிருந்த லாம்பை இறக்கி, அந்த வெள்ளைக்கு நேரே கட்டினாள். பின்னால் இருக்கும் அத்தானின் கண்ணில் வெளிச்சம் குத்தாமல் ஒரு பிஸ்கட் தகரத்தை வளைத்து மறைப்பும் வைத்தாள். அதுவரை வள்ளத்தில் கால்கூட வைக்காதவள். நான் கத்திய கத்தலுக்குள் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவும் செய்தாள். இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

கழுவியும் சாக்கிலிருந்த எழுத்துகள் போகவில்லை. துறையில் சிரிப்போ சிரிப்பு. "மாக்கப்பல் வருது!" என்று கூப்பிட்டார்கள். அத்தானுக்கு மானம் கப்பலேறிவிட்டது. கிழித்தெறிய வந்தார்.

"கிழியுங்கோ. பிறகு விறகைத் தலையில வைச்சுக்கொண்டு நடந்து போங்கோ. கடலுக்கு விட ஏலாது" என்றாள் அக்கா.

அவர் கிழிக்கவில்லை.

மாரி தொடங்கும் நேரம், மழை சிணுங்கிக்கொண்டிருந்த ஓர் இரவு. லாஞ்சு நிறையச் சனம். முன்னால் வெள்ளையாக ஒன்று அசைந்து வந்தது. பாய்! யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, விலத்திவிட்டேன். கடந்து போகும்போது அத்தான் கையைத் தூக்கிக் காட்டினார்.  லாஞ்சைக் கட்டியதும் நேரே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, உங்கட சாக்கு அத்தானைக் காப்பாத்திப் போட்டுது! என்ன வடிவாத் தெரிஞ்சது தெரியுமே? எழுத்தைக்கூட வாசிச்சனான்!"

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"எழுத்து வாசிக்கிற அளவுக்குக் கிட்டவோ வந்தனீ?"

அடுத்த முறை அத்தானின் வள்ளம் எதிரே வந்தபோது, புதிதாகத் தைத்த சாக்குகளோடு அந்த வெள்ளை, பாயின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. எழுத்து ஒன்றும் வாசிக்க முடியாத தூரத்திலேயே நான் விலத்தினேன்.