கிரேக்கரின் வெற்றுக் கல்லறை

விரலிடுக்கில் கொழகொழவென்று ஏறி, காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடிக்கும் "க்ளைஸ்டர்" பசையின் புளித்த வாடைதான் எனக்குக் கிரேக்கம். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய ஆரா நகரில், ஆறாம் வகுப்பில், பழைய செய்தித்தாள்களை அந்தப் பசையில் தோய்த்து ஒட்டி, ஒரு மேசை நிறையப் பண்டைய கிரேக்கத்தைச் செய்தோம். மலைகள் ஊரை ஊரிலிருந்து பிரித்ததால் அந்த மக்களுக்குக் கடல்தான் தெரு என்றும், கல்லு நிலத்தில் ஒலிவும் அத்தியும் விளைந்த அளவுக்குத் தானியம் விளையாததால் கோதுமைக்கே கப்பலேற வேண்டியிருந்தது என்றும் ஆசிரியை சொன்னார். கடலில்லாத நாட்டுப் பிள்ளைகள் நாங்கள், நீலச்சாயத்தை வாரி இறைத்தோம்.

கப்பலேறியவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. கடலில் தொலைந்தவனுக்கு உடல் இல்லாமலே கல்லறை கட்டி, அவன் பெயரை உரக்கக் கூப்பிட்டு, அழுது முடிப்பார்களாம். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் இதை நான் ஒப்புவித்தபோது சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவர். படகும் போய்ச் சேரவில்லை, சேதியும் வரவில்லை. ஊரில் மாமி இன்னும் குங்குமப் பொட்டோடுதான் இருந்தார்.

அப்பா பிடித்துக்கொண்டார்.

"கேட்டீரே? எங்கட முறையிலயும் தர்ப்பையில உருவம் செய்து எரிக்கலாம். அந்தியேட்டிக் கிரியையைச் செய்து விடுவம். இலவு காத்த கிளி மாதிரி எவ்வளவு காலத்துக்கு?"

"அந்தக் கிரேக்கர் பேரைக் கூப்பிடுறவையாமே," என்றார் அம்மா. "செத்தவனை ஆரும் கூப்பிடுவினமோ? இருக்கிறவனைத்தான் கூப்பிடுறது. என்ர தம்பிக்கு நான் எள்ளுத்தண்ணி இறைக்க மாட்டன்."

அந்தப் பருவம் முழுக்க வீட்டில் இதே வழக்குத்தான். பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் அம்மாவும் பள்ளிக்கு வந்தார். நாங்கள் பெருமையோடு நிமிர்த்தி வைத்த மலைகளை அவர் பார்க்கவே இல்லை, நீலத்தில் சிதறிக் கிடந்த தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இவ்வளவு தீவு கிடக்கே பிள்ளை, எங்கையாவது ஒதுங்கியிருக்க மாட்டானோ?" என்று அழுதார். என் சிநேகிதிகளுக்கு முன்னால் அழுகிறாரே என்று எனக்கு அவர்மீது கோபம்தான் வந்தது.

கோடை விடுமுறைக்கு முன் அந்தக் கிரேக்கத்தைக் குப்பையில் போட்டார்கள். சில வருடங்களில் மாமி பொட்டோடேயே போய்ச் சேர்ந்தார். சென்ற மாசியில் அம்மாவும் போனார்.

எங்கள் வழக்கப்படி மரண அறிவித்தலில் உடன்பிறந்தவர்களின் பெயரும் வர வேண்டும். அவர்களில் இறந்தவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவார்கள். அச்சடிக்கிறவர் தொலைபேசியில், "மாமாவின்ர பேருக்கு முன்னால அதைப் போடவோ?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்தியேட்டிக்காக வாதாடிய மனிதர், தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினார்.

"வேண்டாம் தம்பி. அவ விடமாட்டா."

அப்படியே அச்சாகி வந்தது. அந்தத் தாளில் மாமா இன்றும் உயிரோடு இருக்கிறார். வருவார் என்று காத்திருக்கத்தான் ஒருவருமில்லை.