ஒன்பது பேரின் சிவப்புக் கட்டங்கள்

என் தம்பி மகள் நான்காம் வகுப்புக் கணக்கு டீச்சர். பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கட்டம்’. விடைத்தாளைத் திருத்தி, மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு எழுந்து போக அவளுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் தவறியது என்று பெரிய தாளில் கட்டம் போட்டு, தப்புக்கெல்லாம் சிவப்பு அடிப்பாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகக் காய்ச்சல் அட்டை எழுதியவள் நான்; எனக்கு அதில் வியப்பில்லை. மற்ற டீச்சர்களுக்குத்தான் சிரிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தாள். கழித்தல் தேர்வில் பாதி மதிப்பெண்ணைத் தாண்டாத ஒன்பது பேரை ‘சி’ பிரிவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டாராம் தலைமையாசிரியர். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததில்லை.

“மக்குப் பிள்ளைங்க இல்ல அத்தை.”

“எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? தாளை விரி.”

சிவப்பு சிதறிக் கிடக்கவில்லை. பத்துக் கணக்கில் ஆறின் கீழ் மட்டும் சுவர் மாதிரி நின்றது. ஆறிலும் நடுவில் பூஜ்யம். 503இல் 267 போனால் 336 என்று ஒன்பது பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். விடை 236; கடன் வாங்கிய பிறகு நூறின் இடத்தில் ஒன்றைக் குறைக்கவில்லை.

சட்டென்று பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பூஜ்யக் கழித்தல் நடத்திய அன்று அந்த ஒன்பதில் எட்டுப் பேர் வகுப்பில் இல்லை. தொடர் ஓட்டப் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர் தலைமையாசிரியரேதான்.

“நானும் இவங்களுக்குத் திரும்ப நடத்தல அத்தை. என் தப்புதான்.”

“ஒன்பதாவது?”

“அது வந்திருக்கு. அதுக்கு வேற என்னமோ.”

திங்களன்று கட்டத் தாளையும் பதிவேட்டையும் தலைமையாசிரியர் மேசையில் வைத்தாள். “இதுங்க ஓடுனது உங்க விசிலுக்கு, சார்.”

“ஏம்மா, பழியை என் தலையில கட்டுறியா?”

“பாதி என் தலையில சார். நாலு நாள் குடுங்க. அப்பவும் சிவப்புன்னா நானே கொண்டுபோய் விடுறேன்.”

காலை மணிக்கு முன் அரை மணி நேரம், தீக்குச்சிக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். வெள்ளியன்று மறு தேர்வு. எட்டுப் பேர் தேறினார்கள். ஒன்பதாவது பிள்ளைக்கு அதே ஆறு சிவப்பு.

“நீயே கொண்டுபோய் விடுறேன்னு சொன்னியே?” என்றார் அவர்.

“நாலு நாள்ல எட்டு தேறியிருக்கு. ஒண்ணுக்கு எட்டு நாள் குடுக்க மாட்டீங்களா சார்?”

அவர் சிரித்துவிட்டு ‘சி’ பிரிவுக்கு அனுப்ப வைத்திருந்த பட்டியலைக் கிழித்தார். அன்று மாலை அவள் ஒரே ஒரு பெயருக்குப் புதுத் தாளில் கட்டம் போட ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் அவர் விசிலோடு முதலில் அவள் வகுப்பு வாசலுக்குத்தான் வருகிறார்.

“ஏம்மா, இன்னைக்கு என்ன பாடம்? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?”