ஒரு ஹாப்புக்கு ஒரு கீப்பர்

என்னை மருதமுனைக்குக் கலியாணம் பேசி முடித்த கிழமைதான், ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் கண் கலங்குவதை முதன்முதலாகக் கண்டேன். மாப்பிள்ளை நான். நியாயப்படி கலங்க வேண்டியவனும் நான். ஆனால் அவர் முந்திக்கொண்டார். கல்முனையில் நான் வேலை செய்த நெல் மில்லின் எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு எண்ணெய்த் தகரத்தின் மேல் குந்தியிருந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற வேதக்கார மாஸ்டர் அதைத் தமிழாக்கினார்.

"இன்னும் ஒண்டு போயிற்றாம்."

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது என் வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கண்டு பயந்தோம். முதலில் ஓடியவன் நான். அந்த ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர்தான் இந்த மாஸ்டர். என்னைக் காணும்போதெல்லாம், வகுத்து மிஞ்சிய மீதியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

மில்லுக்கு முன்னால் பெரிய சிமெந்துக் களம். அவித்த நெல்லைப் பாத்தி பாத்தியாகக் காயப்போட்டிருப்போம். காகம் விரட்டுவது, காலால் நெல்லைக் கிளறுவது, இவை தவிர அந்த நேரத்தில் எங்களுக்கு வேலை இல்லை. ஆகவே பாத்திகளுக்கு இடையே இருந்த ஒடுக்கமான வழிகளில் பந்தடிப்போம். பந்து நெல்லில் பட்டால் முதலாளியின் வாய் திறக்கும். திறந்தால் எங்கள் பரம்பரைகள் எல்லாம் அதற்குள் போய்விடும். அந்தப் பயத்தில் பந்தை நிலத்தை விட்டு எழுப்பாமல், ஒருவன் காலிலிருந்து மற்றவன் காலுக்கு உருட்டப் பழகியிருந்தோம்.

அந்த ஸ்கொட்லாந்துக்காரரை நாங்கள் துரை என்போம்; மேற்கே அணைக்கட்டு வேலைக்கு வந்த உழவு இயந்திரங்களைத் திருத்துகிறவர். ஒருநாள் எங்கள் எஞ்சின் படுத்துவிட, முதலாளி அவரை அழைத்து வந்தார். துரை எஞ்சினைக் கழற்றி எட்டுத் துண்டாகப் பரப்பினார். அப்போது எங்கள் பந்தடியைக் கண்டவர் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். எட்டுத் துண்டும் பின்னேர அஸர் தொழுகை வரை அங்கேயே கிடந்தன. முதலாளி வாயைத் திறந்தார். வெள்ளைக்காரர் என்பதால் மூடிக்கொண்டார்.

அவர் கதைத்த இங்கிலீசு எவருக்கும் விளங்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மாஸ்டரைக் கூட்டி வந்தோம். அவருக்கும் பாதிதான் விளங்கியது. மீதியை ஊகித்துச் சொன்னார். துரை கால் மணி நேரம் கையை ஆட்டித் திட்டினாலும், "கொஞ்சம் கவனமா விளையாடட்டாம்" என்றுதான் தமிழில் வந்து சேரும். ஒருமுறை நான் அவரை இங்கிலீசுக்காரத் துரை என்று சொல்லிவிட்டேன். அது மட்டும் அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. களத்தைச் சுற்றி இருபது முறை ஓடினேன். கல்முனைக்காரனை மருதமுனையான் என்று சொன்னால் அவனுக்கு வராத கோபமா என்று எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்படித்தான் அவர் எங்களுக்குப் பயிற்சியாளர் ஆனார். ஊர் ஆட்டக் கமிட்டியின் தலைவர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரில் ஒருவர். பந்துக்குள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவருக்கு வெகு பிந்தித்தான் தெரியும். அவரும் சம்மதித்தார்.

துரை தன் கதையை எஞ்சின் ஓய்வெடுக்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். நிலக்கரி தோண்டும் ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில் வலது பக்க ஹாப். முன்னால் ஓடும் ஐந்து பேருக்கும் பின்னால் நிற்கும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்குகிறவன்தான் ஹாப். இரண்டு வருடம் ஆடினாராம். ஒருநாள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொரு ஊருக்கு அவரை விற்றுவிட்டார்களாம்.

"வித்ததா? மாடு மாதிரியா?" என்று கேட்டேன்.

மாஸ்டர் கேட்டுச் சொன்னார். "மாட்டுக்காவது பல்லைப் பாப்பாங்களாம். இவர்ர முழங்காலைக் கூடப் பாக்கல்லயாம்."

வாங்கிய ஊருக்காக, விற்ற ஊரோடு ஆடப் போன நாளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் துரையின் குரல் இறங்கும். மழை பெய்ததாம். அவர் பிறந்து வளர்ந்த ஊர், அவர் பெயர் தெரிந்த சனம். பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் ஒரு மனிதன் வாய் திறக்கவில்லையாம். ஏசக்கூட இல்லையாம். பிறகு மூன்றாவது ஊருக்கு விற்றார்கள். அங்கே முழங்கால் போயிற்று. கடைசியில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரின் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். இறைச்சிக்கடைக்காரரின் மகனை அணியில் சேர்க்கவில்லை என்று கமிட்டிக்காரர்கள் அவரை அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் மரைக்கார்மார் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஒருவகை நிம்மதி.

என்னை அவர் நடு ஹாப்பாக்கினார். காரணம் என் பயம். சின்ன வயதிலிருந்தே பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு ஓயாது. தெருவில் நடந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பந்து வருமுன் இரண்டு தரம் பின்னால் பார்ப்பேன். மற்றவர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "ஹாப் எண்டா பயந்தவனாத்தான் இரிக்கணுமாம். மற்றவனுக்குப் படிப்பிச்சுக் குடுக்க வேண்டிய பயம் இவனுக்குப் பிறவியிலயே இரிக்காம்," என்று மாஸ்டர் சொன்னார். என்னிடம் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். துரை தமிழில் கற்றது மூன்றே மூன்று: சோறு, தண்ணி, பின்னால பார்.

ஒரு விஷயத்தை மட்டும் துரைக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறுவான். பெண்ணுக்கு அவள் ஊரில் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போவான். போனவன் அந்த ஊர்க்காரன். பந்தடித்தால் அந்த ஊருக்குத்தான். எங்கள் இடது பக்க ஆட்டக்காரன் சாய்ந்தமருதுக்குப் போனான். பின்னால் நின்ற இருவரில் ஒருவன் நிந்தவூருக்குப் போனான். பழக்கிய ஆட்கள் ஒவ்வொருவராக மறைவதைக் கண்ட துரை, ஊரில் என்ன தொற்று வியாதி என்று மாஸ்டரிடம் கேட்டாராம்.

"கலியாணம்," என்றாராம் மாஸ்டர். அவர் கலியாணம் முடிக்காதவர்.

இப்போது என் முறை. கலியாணம் முடிந்து நாலாம் நாள் கல்முனைக்கும் மருதமுனைக்கும் ஆட்டம். பெண்ணின் மூத்த தம்பிதான் மருதமுனையின் கோல் காக்கும் கீப்பர். அவன் கலியாணம் பேசி முடித்த மறுநாளே என்னிடம் வந்து, "மச்சான், உங்கட சட்டைக்கு வாப்பா தறியில துணி போட்டுட்டார். கோடு போட்டதா, கட்டம் போட்டதா?" என்றான். கோடு என்றுவிட்டு யோசிக்கத் தொடங்கினேன். கல்முனை வென்றால், பழைய பாசத்தில் விட்டுக்கொடுத்தான் என்று புகுந்த ஊர் சொல்லும். மருதமுனை வென்றால், உம்மாவைப் பார்க்கக் கல்முனைக் கடைத்தெருவால் நடக்க முடியாது. கல்முனை மாட்டிறைச்சிக் கடைக்காரர், "கோல் கீல் அடிச்சயெண்டா இஞ்சால பக்கம் வராத மனே," என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். அவர் எப்போதும் கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பார். என்றாலும் ஆட்டத்தன்று மழை பெய்ய வேண்டுமென்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். வெயில்தான் கூடியது.

துரைக்கு வந்தது வேறு கோபம். ஆளை இலவசமாகவா கொடுக்கிறீர்கள் என்று எங்களிடம் கேட்டார். அவருடைய ஊரில் ஆளை இழந்த அணி கைகட்டி நிற்காதாம். மாஸ்டரைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு நேரே பெண் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை முன்கூட்டிப் போகக்கூடாது என்பதால், நான் பாண்டிருப்புச் சந்தியில் நின்று நகத்தைக் கடித்தேன். அங்கே நடந்ததை மச்சான் பின்னர் எனக்கு நடித்தே காட்டினான்.

மாமி கதவுக்குப் பின்னால். மாமா தறியில். மச்சான் முற்றத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றான்.

"தொரை என்னத்துக்கு வந்திரிக்கார் மாஸ்டர்?" என்றார் மாமி.

"நாங்க உங்களுக்கு ஒரு நல்ல ஆளத் தாறமாம். பதிலுக்கு நீங்களும் ஒரு ஆளத் தரணுமாம்."

தறிச் சத்தம் நின்றது.

"ஆரத் தரணுமாம்?" என்றார் மாமி.

துரை வாழைப்பழத்தை நோக்கி விரலை நீட்டினார். மச்சான் வாயை மூடினான்.

மாமி கணக்குப் போட்டார். என் வீட்டில் கலியாணம் முடிக்காத தங்கச்சி ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டில் மாப்பிள்ளை எடுத்து, அதே வீட்டுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் மாற்றுக் கலியாணம் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. புதிதாக இருந்தது, அதைக் கேட்டு அரைக்கால் சட்டையோடு ஒரு வெள்ளைக்காரர் வந்ததுதான்.

"எல்லாருக்கும் சம்மதமாமா?" என்றார்.

"முழுக் கல்முனைக்கும் சம்மதமாம்."

"வீடு இரிக்கா?"

துரைக்கு இது நியாயமான கேள்வியாகப் பட்டது. அவருடைய முதல் அணி அவருக்கு இரண்டு அறையுள்ள கல்வீடு கொடுத்திருந்ததாம். "ஓம், வீடு குடுப்பமாம்," என்றார் மாஸ்டர்.

"கிணறு?"

"கிணறும் குடுப்பமாம்."

"அப்ப சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்துகா," என்று மாமி உள்ளே பார்த்துச் சொன்னாராம்.

திரும்பி வரும் வழியில் பாண்டிருப்புச் சந்தியில், என் முகத்தைக் கண்டு என் தங்கச்சியின் நினைவு வந்ததும்தான் மாஸ்டருக்கு விளங்கியது. சைக்கிளை விட்டு இறங்கினார். "மனே," என்றார், "தொரை உன்ட தங்கச்சிக்கு மாப்பிள்ள பேசிட்டார் போலரிக்கி."

வாப்பா எழும்பிக் குதித்தார். "என்ட மகளுக்கு மாப்பிள்ள பேச அவன் ஆரு? தாய்மாமனா?" குதித்து முடிந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பொடியன் எப்பிடி?" என்றார்.

"பிடிச்சத விடமாட்டான் வாப்பா."

"எத்தன கோல் விட்டவராம்?" என்று உள்ளே இருந்து தங்கச்சி கேட்டாள். மில்லுக்கு எதிர் வேலிக்கு அப்பால் நின்று எங்கள் ஆட்டம் முழுவதையும் பார்த்தவள் அவள். அவளுக்கென்று தொடங்கிய வீடு சுவர் மட்டத்தில் நின்றது. துரை, வார்த்தை கொடுத்துவிட்டேன் என்று உழவு இயந்திரப் பெட்டியில் மரம் ஏற்றி வந்து, கூரைக்கு வளை போடும் வரை நின்றார். அவர் செய்த தவறு என் வீட்டாருக்கு லாபமாகிக்கொண்டிருந்தது. என் பயம் மட்டும் அப்படியே இருந்தது. கீப்பர் வருவது அறுவடைக்குப் பிறகு. ஆட்டம் வருகிற கிழமை.

கலியாணம் முடிந்தது. நாலாம் நாள் மாமனார் தறியில் நெய்த கோடு போட்ட சட்டையோடு கல்முனை அணிக்கு எதிரே நின்றேன். கோட்டுக்கு வெளியே துரை நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பொதுவான ஆள் என்று பெரியநீலாவணையிலிருந்து ஒரு தபால்காரர் நடுவராக விசிலோடு வந்திருந்தார். பந்து என் காலுக்கு வந்தபோதெல்லாம் கல்முனைப் பக்கம் அடங்கிப்போனது. துரை சொன்ன மழைநாள் நினைவுக்கு வந்தது. ஏசினால் கூட நல்லது என்று எனக்குப் பட்டது.

இடைவேளைக்குப் பிறகு மருதமுனையான் ஒருவனின் கணுக்காலில் பட்டுப் பந்து கல்முனைக் கோலுக்குள் போனது. அவனுக்கே தெரியாது. மஃரிபு தொழுகைக்கு நேரம் நெருங்க, தபால்காரர் பந்தை விட்டுச் சூரியனைப் பார்க்கத் தொடங்கினார். அப்போது எங்கள் மருதமுனைக் கோலுக்கு முன்னால் பந்து என்னிடம் உருண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பின்னால் பார்க்கவில்லை. கடைத்தெருவை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பின்னால பார்!"

அந்தக் குரலுக்கு என் கால் யோசிக்காது. திரும்பினேன். என் பழைய கூட்டாளி, கல்முனையின் முன்னணி ஆட்டக்காரன், ஒரு முழத் தூரத்தில் காலை ஓங்கியபடி வந்துகொண்டிருந்தான். பந்தைத் தட்டிக் கடல் பக்கம் அடித்தேன். அது திரும்பி வருமுன் தபால்காரர் ஊதிவிட்டார்.

கல்முனைச் சனம் முழுதும் துரையின் மேல் பாய்ந்தது.

"டேய் தொரை, நீ ஆர்ர ஆள்?"

"எங்கட ஆளுக்குச் சொல்லிக் குடுத்திட்டு அவனுக்கும் சொல்லிக் குடுக்கயா?"

மரைக்கார் தொப்பியைக் கழற்றி மண்ணில் அடித்துவிட்டு, தொழுகை நேரம் என்று மறுபடி தட்டிப் போட்டுக்கொண்டார். என்னை ஒரு மனிதன் பார்க்கவில்லை. இறைச்சிக் கடைக்காரர் கூட என்னைத் தாண்டித்தான் ஓடினார். நான் நாட்கணக்காகப் பயந்த ஏச்சு முழுவதையும் துரை தனியாக நின்று வாங்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். வாய் தவறிச் சொன்னாரா, வேணுமென்று சொன்னாரா என்று கேட்கச் சொன்னேன். துரை நெடுநேரம் ஏதோ சொன்னார். மாஸ்டர் முதன்முறையாக எதையும் சுருக்கவில்லை.

"பழக்கத்தில வந்திட்டாம். ஆனா வந்ததுக்குக் கவலயில்லயாம். தனக்கு அந்த மழ பெஞ்ச அண்டைக்கு ஒருத்தனும் ஒண்டும் சொல்லல்லயாம்."

நான் அவர் கையைப் பிடித்தேன். வேறென்ன செய்வது? இங்கிலீசும் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் மாமி கேட்டார்: "மருமகன், அந்த வெள்ளக்காரன் கல்முனையில சம்பளத்துக்கா நிக்கான்?"

"இல்ல மாமி. சும்மாதான்."

"இனி அவடத்த அவன வெச்சிருக்கமாட்டாங்க. நம்மட பொடியன்களுக்கும் பழக்க ஆள் தேவதானே." யோசித்தார். "கலிமாச் சொல்லிக் குடுத்து இஸ்லாத்துக்கு எடுக்கலாம். எங்கட சாச்சிட மகள் ஒருத்தி இரிக்கிறா, அவளும் உயரம்தான்."

மாமி பகிடிக்குச் சொன்னாரா, உண்மைக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழமை அதையே நினைத்துப் பயந்தேன். கடைசியில் தாங்க முடியாமல் மாஸ்டரிடம் சொன்னேன். மாஸ்டர் துரையிடம் சொன்னார். துரை எஞ்சினிலிருந்து தலையை வெளியே எடுத்து, கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீடு இரிக்காமா?" என்றார் மாஸ்டர்.