பிளேடு பட்ட பேக்கிங்

ஞானசௌந்தரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும், இணைப்பில் கசியாமலிருக்க நடுவே வைக்கும் பேக்கிங் அட்டை வெட்டும் சின்னக் கம்பெனி. அச்சை வைத்துக் கைப்பிரஸ்ஸை இறக்கி, நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருப்பாள். கணவன் கிறிஸ்துதாஸ், கரையான்சாவடி ஸ்டாண்டில் தன் சொந்தப் பழைய ஃபியட்டை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். எண்பத்தேழில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து படுத்தான்.

கட்டுப் பிரிக்கும் நாள் நெருங்கியதும் வண்டியை சர்வீஸுக்கு விட்டார்கள். ஸ்டாண்டுக்கு எதிரில் ஷெட் வைத்திருந்த லோகநாதன் பழகியவன். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்து பார்த்தவன். நல்லபடியாகப் போன வண்டி, திரும்பி வந்தபோது நின்ற இடத்திலேயே குலுங்கியது.

“எஞ்சின் பூடுச்சி அண்ணி. உள்ள பிஸ்டன் ஓடுற போர் தேஞ்சிகீது. வந்த வெலைக்குத் தள்ளிடுங்க, நம்மாண்ட ஒரு ஆள் கீறான். அண்ணாத்த கால் இருக்கிற நெலமைக்கு இத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போறீங்கோ?” என்றான் லோகநாதன்.

அவள் சம்பளத்தில்தான் அப்போது வீடு ஓடியது. இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட வழியில்லை. லீவு நாளில், கணவனின் கட்டிலோரத்து ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தாள். கிறிஸ்துதாஸ் படுத்தபடியே காதைக் கொடுத்தான்.

“ஒவ்வொரு பிளக் ஒயரா புடுங்கி மாட்டு. துணியால புடி, ஷாக்கடிக்கும்.”

ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் சத்தம் இறங்கியது.

“அப்ப நாலு சிலிண்டரும் வேல செய்யுது. பின்னால நீலமா பொக வருதா?”

“இல்லீங்க.”

“அப்ப போர் தேயல. எங்கியோ காத்து இழுக்குது. கார்ப்பரேட்டர் அடியில, ஜாயின்ட்ட சுத்தி, ரெண்டு சொட்டு ஆயில் உடு.”

விட்டாள். குலுக்கல் சட்டென்று அடங்கியது. எண்ணெய் உள்ளே போனதும் மறுபடி குலுங்கியது. கிறிஸ்துதாஸ் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தே விட்டான். “எண்ணெ அடைச்சதும் நின்னுச்சில்ல, ஓட்ட அங்கதான்!”

எஞ்சின் ஆறியதும் கார்ப்பரேட்டரைக் கழற்றினாள். அடியில் இருந்த பேக்கிங் புதுசு. ஆனால் ஒரு பக்கம் மெல்லிய கீற்றாகக் கொஞ்சம் காணவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது பிஞ்சது இல்ல, பிரஸ்ல உழுந்த வெட்டும் இல்ல. பிளேடு வெச்சி அறுத்திருக்கான்.”

“அந்தக் கட்டைய எடு. அவன் மண்டைய ஒடைக்கிறேன்” என்று கத்தினான் கிறிஸ்துதாஸ்.

“ஒடைச்சா தையல் போட்டுகினு ஆறிடுவான். எனக்கு அது பத்தாது” என்றாள்.

கம்பெனியில் கேட்டு, கழிவுத் துண்டில் புது பேக்கிங் வெட்டி வந்து மாட்டினாள். எஞ்சின் சீராக ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. நேராக லோகநாதனிடம் போய், குரலைத் தாழ்த்தி, “நீங்க சொன்னதே சரி. ஞாயித்துக்கெழம அந்த ஆளக் கூட்டியாங்க, வண்டி ஸ்டாண்டுல நிக்கும்” என்றாள். அவன் முகத்தில் சிரிப்பு படர்ந்ததை நின்று ரசித்தாள்.

ஞாயிறன்று டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வாங்க வந்தவர் பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் வீரராகவன். அவரிடம் கேட்டாள்: “சார், எஞ்சின் எப்படின்னு இவர் சொன்னாரு?”

“புதுசு மாதிரி ஓடும்னாரே.”

“என்கிட்ட செத்துப்போச்சுன்னாரு.”

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் குலுங்காமல் அமைதியாக ஓடியது. பையிலிருந்து அறுபட்ட பேக்கிங்கை எடுத்து டிரைவர்கள் கையில் கொடுத்தாள். அது ஒவ்வொரு கையாக மாறியது. லோகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கேட்க ஆளில்லை. வீரராகவன் திரும்பிப் பார்க்காமல் போனார். ஷெட்டில் கிடந்த தங்கள் வண்டிகளை டிரைவர்கள் அன்றே தள்ளிக்கொண்டு போனார்கள்.

சில வாரம் கழித்து லோகநாதனின் மனைவி பொன்னியம்மா வந்தாள். “நீ ஒரு வார்த்த சொன்னா மறுபடி வண்டி விடுவாங்க, அக்கா.”

ஞானசௌந்தரி தண்ணீர் கொடுத்தாள். “எழுந்து நிக்க முடியாத மனுஷன் சோத்துல கை வெச்சவருக்கு என் வாயில வார்த்த இல்ல. நீ போம்மா.”

ஷெட் மூடியது. லோகநாதன் வேப்பம்பட்டுப் பக்கம் யாரிடமோ கூலிக்குச் சேர்ந்தான்.

கிறிஸ்துதாஸ் கொஞ்சம் நொண்டியபடியே மறுபடி ஓட்ட வந்தான். ஒருநாள் ஆவடி பஸ் நிறுத்தத்தில் லோகநாதன் மூட்டையோடு வெயிலில் நின்றிருந்தான். கிறிஸ்துதாஸின் கால் பிரேக்குக்குப் போனது.

“நிறுத்தாதீங்க” என்றாள் பக்கத்தில் இருந்த ஞானசௌந்தரி. கண்ணாடியை இறக்கி, அவன் பார்க்கட்டும் என்று முகத்தை நன்றாக வெளியே காட்டிக்கொண்டு போனாள்.