கைப்பேசி எண்ணைப் போட்டால் முகவரி வந்தது

குமாரபாளையத்தில் படுக்கை விரிப்பும் துண்டும் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வெப்சைட்டில் வரும் ஆர்டர்களைப் பார்ப்பது, வாங்கியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்வது. அந்த வெப்சைட்டின் அடியில் 'தனியுரிமை' என்று ஒரு பக்கம் உண்டு. "உங்கள் விவரங்களை யாருக்கும் தர மாட்டோம்" என்று அதில் எழுதியவள் நான்தான். வேறொரு கம்பெனியின் பக்கத்தைப் பார்த்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். அதை யாராவது படிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த ஒரு நாள் முற்பகலில் ஒரு பெண் கூப்பிட்டார். பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல் பேசினார்.

"ஏனுங்க, ஆர்டர் போட்டவங்க அட்ரஸை வேற ஆருக்காச்சும் கொடுப்பீங்களா?"

"இல்லீங்க. கொடுக்கறதே இல்லீங்க."

"அப்பறம் எங்க ஊட்டுக்காரருக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

கணவர் அடிப்பார் என்பதால் மகளைக் கூட்டிக்கொண்டு ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்டாராம். நான்கு மாதமாக மோகனூரில் ஒரு வாடகை அறை. போன மாதம் எங்களிடம் இரண்டு விரிப்பு வாங்கியிருக்கிறார், தன் பெயரில் அல்ல, தன் அம்மாவின் பெயரில்; கைப்பேசி எண் மட்டும் தன்னுடையது. அன்று காலை கணவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதில் அந்தப் பெயரும், இருக்கும் தெருவும்.

"எங்கம்மா பேரை வேற எங்கயுமே நான் போடலீங்க. உங்ககிட்ட மட்டுந்தான். முன்னாடியெல்லாம் அவரு போன்லதான் உங்ககிட்ட ஆர்டர் போடுவேன்." அதோடு, "பள்ளிக்கூடத்துக்குப் போய் பாப்பாவைக் கூட்டியாரணுமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் வெப்சைட்டில் பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு பக்கம் இருந்தது. கைப்பேசி எண்ணை மட்டும் போட்டால் போதும். என் எண்ணைப் போட்டேன். என் பெயர், கதவு எண், தெரு, ஊர், எல்லாம் வந்து நின்றன. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யார் எண்ணை யார் வேண்டுமானாலும் போடலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதலாளியிடம் ஓடினேன். "அதை மூடினா பார்சல் எங்க, பார்சல் எங்கன்னு போன் போட்டே கொன்னுருவாங்கம்மா. தள்ளுபடி முடியட்டும்" என்றார். நான் வாதாடவில்லை. பெங்களூரில் இருக்கும் அவர் மகளின் எண்ணைக் கேட்டு வாங்கி அவர் கண் முன்னாலேயே போட்டேன். முதலாளி மகளுக்கு அனுப்பிய துண்டுகளின் ஆர்டர் வந்தது, மகள் வீட்டுக் கதவு எண்ணோடு. அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மூடு சாமி. மொதல்ல அதை மூடு."

சேலத்தில் இருந்த, வெப்சைட் செய்து கொடுத்தவர் பத்து நிமிடத்தில் அதை மூடினார். மூச்சு விட்டுக்கொண்டு இருக்கைக்கு வந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேசை போன் அடித்தது. ஓர் ஆண், மிக மரியாதையாகப் பேசினார்.

"சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிட்டிருக்கறேனுங்க. காலையில உங்க சைட்டுல அட்ரஸ் காட்டுச்சு, இப்பக் காட்ட மாட்டேங்குது. கதவு நம்பரைக் குறிச்சுக்காம விட்டுட்டேன், அதை மட்டும் சொல்லுங்க, போதும்." எண்ணையும் சொன்னார்.

அந்தப் பெண்ணின் எண். அவருடைய ஆர்டர் என் எதிரே திறந்தே கிடந்தது. போனில் அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் "மோகனூர், மோகனூர்" என்று கத்திக்கொண்டிருந்தார். நாமக்கல் பஸ் நிலையம்.

"அதெல்லாம் சொல்றதில்லீங்க."

"நான் சொந்தக்காரனுங்க."

"ஆரா இருந்தாலும் சொல்றதில்லீங்க."

"காலையில உங்க சைட்டே சொல்லுச்சு, இப்ப நீ சொல்ல மாட்டியா? உம்பேரென்ன?" மரியாதை போய்விட்டது. வைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். நாமக்கல்லிலிருந்து மோகனூருக்குப் பஸ் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னை அறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது முறை எடுத்தார்.

"அவரு நாமக்கல்ல பஸ் ஏறிட்டாருங்க. ஊட்டுக்குப் போவாதீங்க."

"பாப்பாவோட சர்டிபிகேட்டெல்லாம் ஊட்டுலதானுங்க இருக்குது. ஓடிப் போய் எடுத்துட்டு..."

"வேண்டாமுங்க. பள்ளிக்கூடத்துலயே இருங்க. டீச்சருகிட்டச் சொல்லுங்க." பிறகு கேட்டேன்: "உங்க அட்ரஸைப் போலீசுக்குச் சொல்லட்டுங்களா?"

அந்த வேலைக்கு வந்த பிறகு ஒருவரிடம் அப்படி அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க" என்றார்.

முதலாளியே மகளிர் காவல் நிலையத்துக்குப் பேசினார். அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். எல்லாம் பார்சல் எங்கே என்று கேட்பவர்கள்.

மாலையில் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். அந்தத் தெருவில் வீடு வீடாக மாமியாரின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்த கணவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அறையைக் கண்டுபிடிக்க அவருக்கு இன்னும் நான்கு வாசல்தான் பாக்கி இருந்ததாம்.

தப்பு எங்களுடையது என்று சொன்னேன். எப்படி நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"காலையில நான் கேட்டப்ப, கொடுக்கறதே இல்லீங்கன்னு சொன்னீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பார்சல் பக்கத்தைப் பார்க்க, வாங்கியவரின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அப்போதும் முகவரி தெரியாது, ஊர் மட்டும்தான். பார்சல் போய்ச் சேர்ந்ததும் முகவரியை அழித்துவிடுகிறோம். நடந்ததைச் சொல்லி வாங்கிய எல்லோருக்கும் முதலாளி செய்தி அனுப்பினார். பெயர் கெட்டுவிடும் என்று ஒரு வாரம் தயங்கி, பிறகுதான் அனுப்பினார். அந்தப் பக்கத்தை மூடும்வரை யார் யாருடைய எண்ணைப் போட்டு யார் பார்த்தார்கள் என்று சேலத்துக்காரரிடம் கேட்டேன். அதையெல்லாம் பதிந்து வைக்கவில்லை என்றார். அந்த நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டார். தன்னைப் பற்றி எங்களிடம் இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். அவர் லைனில் இருக்கும்போதே அழித்தேன். வேறு ஊருக்குப் போகிறாராம், மகளுக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.